அக்கானிச் சுண்ணாம்பு

மழை விட்டு மரப்பட்டை காய்ந்த அன்றைக்குத்தானா ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வரவேண்டும்? ஆனி மாதத்தில் அருமனைப் பக்கம் ரப்பர் பால் வெட்ட ஒரு நாள் வாய்ப்பதே பெரும்பாடு. ஈரப் பட்டையில் கத்தி வைத்தால் பால் மரத்தில் கட்டிய சிரட்டையில் விழாது, மரத்தைச் சுற்றிக்கொண்டு ஒழுகிப் போகும். கிடைத்த நாளை விடக்கூடாது என்று முத்துக்கனி நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு விடிவதற்கு முன்பே ரப்பர் விளைக்குள் இறங்கியிருந்தாள்.

அவள் பிறந்தது கிழக்கே, கன்னியாகுமரிக்குப் பக்கம், பனங்காட்டு ஊர். ரப்பர் மரத்தைக் கல்யாணத்துக்குப் பிறகுதான் கண்ணால் பார்த்தாள். பால்வெட்டு அவள் புருஷன் சுயம்புராஜின் தொழில். நாலு வருஷத்துக்கு முன்னால் சர்க்கரை நோய் அவருடைய கிட்னி இரண்டையும் தின்று தீர்த்தபோது கத்தி இவள் கைக்கு வந்தது. முதல் மாதம் வெட்டு ஆழமாக விழுந்து மரமெல்லாம் காயம். "ஏட்டி, நீ மரத்தத்தான் வெட்டுதியா, இல்ல மாப்பிளக்க மேல உள்ள கோவத்த வெட்டுதியா" என்று தோட்டத்துக் காரியஸ்தர் கேட்டார். இப்போது அப்படிக் கேட்க ஆளில்லை. நூல் பிடித்தாற்போலப் பட்டையைச் சீவுகிறாள். சீவின இடத்தில் பால் பொட்டுப் பொட்டாகத் துளிர்த்து, ஒன்றுசேர்ந்து, சரிவில் இறங்கிச் சிரட்டைக்கு வருகிறது.

வெட்டி முடித்ததும் பக்கத்து வீட்டுப் பகவதியைக் கூப்பிட்டுச் சொன்னாள். "மழை வாறதுக்கு முன்ன பாலை எடுத்து வச்சிரு பிள்ள. உறையதுக்கு ஆசிட்டு ஊத்த வேண்டாம், நான் வந்து ஊத்துதேன்."

"தேதி இன்னைக்குக் கிட்டுமாக்கா?"

"கிட்டும்னுதான் பறஞ்சாவ. எல்லா டெஸ்டும் முடிஞ்சாச்சு. இனி ஒரு ஸ்கேன் படம் மட்டும் பாக்கணுமாம்."

தேதி என்றால் ஆபரேஷனுக்குத் தேதி. முத்துக்கனியின் இடது கிட்னியை எடுத்துச் சுயம்புராஜுக்கு வைப்பதாக ஏற்பாடு. இதற்காக அவள் மாட்டிறைச்சியிலிருந்து மரச்சீனிக் கிழங்கு வரை நிறுத்தி உடம்பை இளைத்தாள். தினமும் பாறைக்குளம் வரை நடந்தாள். திருவனந்தபுரத்தில் அனுமதி கொடுக்கிற குழுவின் முன்னால் கல்யாண போட்டோவை நீட்டி உட்கார்ந்தாள். உங்களை யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று அங்கே கேட்டபோது, "என்ன ஒருத்தரும் கட்டாயப்படுத்தல்ல சார். நான்தான் இவரக் கட்டாயப்படுத்திக் கூட்டிட்டு வந்திருக்கேன்" என்றாள். குழுவில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

உண்மையில் இது இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே நடந்திருக்க வேண்டிய காரியம். அப்போதே ரத்தமும் சேர்ந்தது, படமும் எடுத்தார்கள், டாக்டர்களும் சரி என்றார்கள். சுயம்புராஜ்தான் ஒரே பிடியாக மறுத்துவிட்டார். எங்கள் பக்கத்து ஆண்பிள்ளைகளுக்கு ஒரு வீம்பு உண்டு. பெண்டாட்டி சம்பாத்தியத்தில் சாப்பிடுவார்கள், பெண்டாட்டி நகையை அடகு வைத்து வளைகுடாவுக்குப் போவார்கள், அவள் உடம்பிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள் என்றால் மட்டும் மானம் வந்துவிடும். சுயம்புராஜுக்கு வீம்போடு பயமும் இருந்தது. "உனக்க வயித்தையும் கிழிச்சிட்டு ரெண்டுபேரும் படுத்தா, பொறவு ஆரு எழும்புவா?" என்பார். போன வருஷம் சித்திரையில் இரணியலில் கட்டிக்கொடுத்த மகள் ஜிஷாவுக்குப் பிள்ளை பிறந்தது. பேத்தியை மடியில் வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "செய்யலாம்டி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். முத்துக்கனி அடுக்களைக்குள் போய் அழுதாள்.

அன்று காலை அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் குளித்து, நெற்றியில் நாமமிட்டு, வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். இடது கை மட்டும் சட்டைக்குள் முண்டு முண்டாகப் புடைத்திருந்தது. டயாலிசிஸ் ஊசி ஏற்றுவதற்காக அந்தக் கையில் இரண்டு ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்திருந்தார்கள். வாரத்தில் மூன்று நாள் மார்த்தாண்டத்தில் போய் நாலு மணி நேரம் படுத்துவிட்டு வருகிற கை அது.

அவள் கஞ்சியை வடித்து, அவருக்கு ஆகாது என்று பயறு வேகவைத்த நீரை வெளியே கொட்டி, பயறை மட்டும் எடுத்து வைத்தாள். பிறகு அவர் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஹார்லிக்ஸ் பாட்டிலை இறக்கினாள். அதன் அடியில் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு படிந்திருந்தது. மேலே தெளிந்து நின்ற நீரை ஒரு கரண்டி எடுத்துக் கஞ்சியில் ஊற்றிக் கலக்கினாள்.

இது அவள் ஊர்ச் சுண்ணாம்பு. கடல்சிப்பியைச் சுட்டு நீற்றியது. பனையேறுகிறவர்கள் கலயத்தின் உள்ளே இதைப் பூசித்தான் பாளையில் கட்டுவார்கள். பூசினால் வடிகிற நீர் புளிக்காமல் இனிப்பாக நிற்கும், அதுதான் அக்கானி, பதநீர். பூசாவிட்டால் அது கள்ளு. முத்துக்கனி தாய்ப்பாலுக்கு அடுத்தபடியாகக் குடித்தது அக்கானியைத்தான். அவளுடைய அப்பா எழுபது வயதிலும் பனை ஏறினார். ஒருதடவை பாதி மரத்திலிருந்து விழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து போனார். "சுண்ணாம்பு குடிச்ச எலும்பு, ஒடியாது" என்பது அந்த ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த பேச்சு.

சுயம்புராஜுக்கு இரண்டு வருஷமாகக் கால் எலும்பில் குடைச்சல். எழுந்து நின்றால் இடுப்பு விண்ணென்று தெறிக்கும். டயாலிசிஸ் தொடங்கிய நாளிலிருந்து அவருக்குக் கால்சியம் மாத்திரை கொடுத்துவந்தார்கள். சுண்ணாம்புச் சத்து குறைந்திருக்கிறது என்று ஒருநாள் நர்ஸ் சொன்னதும் அவள் காதில் விழுந்திருந்தது. அப்படியிருக்க அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தி வேறு ஏதோ மாத்திரை எழுதினார்கள். ஏன் என்று இவள் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. நிறுத்தினதை நாமாவது கொடுப்போம் என்று அண்ணன் நாராயணபெருமாளிடம் சொல்லி ஒரு பொதி சுண்ணாம்பு வரவழைத்தாள். தன் கிட்னியை வேண்டாம் என்று சொன்ன மனிதருக்கு அவள் கையால் கொடுக்க வேறென்ன இருந்தது? அன்று தொடங்கியது, ஒருநாளும் விட்டதில்லை.

"குடிங்க. முருகதாஸு வண்டிய எடுத்தாச்சு."

அவர் கஞ்சியை ஒரு மிடறு குடித்துவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினார். பிறகு மிச்சத்தையும் குடித்தார். குடிக்கும்போது அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை.

முருகதாஸ் அருமனைச் சந்தியில் ஆம்னி வேன் ஓட்டுகிறவன். வாய் ஓயாது. களியக்காவிளை தாண்டுவதற்குள் ஊர்க்கதை எல்லாம் பேசி முடித்திருந்தான்.

"அண்ணாச்சி, அக்காக்க கிட்னி வச்சா பொறவு நீங்க அக்கா சொன்னபடிதான் கேக்கணும். உள்ள இருந்து ஒரு ஆளு உத்தரவு போடும்."

"இப்பம் மட்டும் என்னடே, நானா உத்தரவு போடுதேன்?" என்றார் சுயம்புராஜ்.

"அதுவும் செரிதான். எனக்க வீட்டுலயும் அப்பிடித்தான். கிட்னி குடுக்காமலே உத்தரவு."

முத்துக்கனி பின்சீட்டில் உட்கார்ந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து வெகுகாலமாகியிருந்தது. பாறசாலையில் வண்டியை நிறுத்திச் சாயா குடித்தார்கள். சுயம்புராஜுக்கு ஒரு நாளைக்குக் குடிக்க அளவு உண்டு என்பதால் அவர் இவள் தம்ளரிலிருந்து இரண்டு மடக்கு மட்டும் வாங்கிக் குடித்துவிட்டு வாயைத் துடைத்தார். "ஆபரேசன் முடிஞ்சா ஒரு முழுச் சாயா குடிக்கணும்டி" என்றார். "ஒண்ணு என்ன, ஒரு செம்பு குடிங்க" என்றாள்.

ஆபரேஷன் செய்கிற டாக்டரம்மாவுக்குச் சொந்த ஊர் மார்த்தாண்டம். அதனால் திருவனந்தபுரத்திலும் இவர்களோடு நம்ம பாஷைதான் பேசுவார். அன்றைக்கு அவர் இவர்களை உட்காரச் சொன்னார். கம்ப்யூட்டரைத் திருப்பி இருவருக்கும் தெரிகிற மாதிரி வைத்தார்.

"இது போன வாரம் எடுத்த படம். மருந்து ஏத்தாம எடுத்தது. இதுல எலும்பு மட்டும்தான் வெள்ளையாத் தெரியணும். ரத்தக்குழாய் தெரியவே கூடாது. பாருங்க."

முத்துக்கனி பார்த்தாள். முதுகெலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. இடுப்பெலும்பு தெரிந்தது. இரண்டுக்கும் நடுவில் வெள்ளையாக ஒன்று இறங்கி, அடிவயிற்றில் இரண்டாகக் கவைத்துப் போயிற்று.

"இது என்ன எலும்பு?" என்று கேட்டாள்.

"எலும்பு இல்ல. அதுதான் ரத்தக்குழாய்."

டாக்டரம்மா மெதுவாகச் சொல்லத் தொடங்கினார். "கிட்னி நல்லா இருந்தா, தின்னுற சாப்பாட்டுல உள்ள பாஸ்பரஸ் மூத்திரத்துல போயிரும். கெட்டுப்போனா போவாது. டயாலிசிஸ் கொஞ்சந்தான் எடுக்கும். மிச்சம் ரத்தத்துல நிக்கும். அது சுண்ணாம்புச் சத்தோட சேர்ந்து குழாய்க்க சுவருல போய்ப் படியும். படியப் படிய அந்தச் சுவருல உள்ள சதையே, நாம எலும்புதான் போலன்னு நெனச்சு எலும்பு மாதிரி மாறிப்போவும். எலும்புல இருக்க வேண்டியது எலும்புல நிக்காது, குழாயில போய் நிக்கும். அதனாலதான் இவருக்குக் கால் எலும்பு வலியும் இருக்கு, குழாயும் இப்பிடி இருக்கு."

"மருந்துல கரையாதா?" என்றார் சுயம்புராஜ்.

"இதுவரை கரைக்கதுக்கு மருந்து இல்ல. கூடாமப் பாத்துக்கலாம், அவ்வளவுதான்."

"அப்பம் ஆபரேசன்?"

டாக்டரம்மா விரலால் அந்தக் கவையைக் காட்டினார். "புதுக் கிட்னிய இஞ்சதான் தைக்கணும். குழாய் துணி மாதிரி இருந்தாத்தான் ஊசி ஏறும். இது ஓடு மாதிரி இருக்கு. பிடிச்சு நிறுத்தினா நொறுங்கிப் போவும். அந்த மேசையிலயே ஆளு போயிருவாரு. ரெண்டு பக்கமும் பாத்தாச்சு, மேலயும் பாத்தாச்சு. தைக்கதுக்கு ஒரு இடம் இல்ல. வேற ரெண்டு டாக்டர்மாரும் பாத்தாவ. செய்ய முடியாது."

முத்துக்கனி ஏதோ பாக்கி இருக்கும் என்பதுபோல அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா இன்னொரு படத்தைப் பக்கத்தில் கொண்டுவந்தார்.

"இது ரெண்டு வருசத்துக்கு முன்ன எடுத்தது. அங்ஙன இங்ஙன புள்ளி புள்ளியா இருக்கு, அவ்வளவுதான். அதப் பாத்துத்தான் கால்சியம் மாத்திரைய நிறுத்தி வேற மாத்திரை எழுதியிருக்காவ. அப்பம் செய்திருக்கலாம். ஏன் செய்யல்ல?"

சுயம்புராஜ் தலையைக் குனிந்து தன் முழங்காலைப் பார்த்தார். முத்துக்கனி பதில் சொல்ல நினைத்தாள். மாத்திரையை நிறுத்திய காரணம் அப்போதுதான் அவள் நெஞ்சுக்குள் போய்ச் சேர்ந்தது.

"அப்பம் இவளுக்கக் கிட்னி?" என்று கேட்டார் சுயம்புராஜ், குனிந்த தலையோடு.

"அது அவங்களுக்கே இருக்கட்டும்" என்றார் டாக்டரம்மா.

சுயம்புராஜை முருகதாஸ் கைத்தாங்கலாகக் கீழே கூட்டிப் போனான். முத்துக்கனி பையை மறந்துவிட்டேன் என்று சொல்லித் திரும்பி வந்தாள். பை அவள் தோளிலேயே தொங்கியது.

"டாக்டரம்மா, ஒரு சங்கதி கேக்கணும்."

"கேளுங்க."

"அக்கானிக் கலயத்துல பூசுத சுண்ணாம்பு இருக்கில்லா. அதக் கலக்கித் தெளிவ எடுத்துக் கஞ்சியில ஊத்தினா, இப்பிடி வருமா?"

டாக்டரம்மா அவளை நிமிர்ந்து பார்த்தார். "எவ்வளவு நாளாக் குடுக்கிய?"

"மாத்திரைய நிறுத்தினதுல இருந்து. தெனமும் ஒரு கரண்டி."

"ஏன் எங்ககிட்டச் சொல்லல்ல?"

"மருந்துன்னாச் சொல்லியிருப்பேனே. இது சுண்ணாம்புதானேன்னு நெனச்சேன். எங்க ஊருல எல்லாரும் குடிச்சதுதான்."

"உங்க ஊருல உள்ளவங்களுக்குக் கிட்னி இருந்துது" என்றார் டாக்டரம்மா. சொன்னபிறகு அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியிருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தினார். "இஞ்ச பாருங்க. சுகர் பதினஞ்சு வருசம், டயாலிசிஸ் நாலு வருசம். நீங்க ஒண்ணும் குடுக்கல்லன்னாலும் இது வந்திருக்கும். எத்தனையோ பேருக்கு வருது."

"இவ்வளவு வந்திருக்குமா?"

டாக்டரம்மா மேசையிலிருந்த பேனாவின் மூடியைக் கழற்றி மறுபடி போட்டார். "அது எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. இனி குடுக்காதிய."

திரும்பி வரும்போது முருகதாஸ் பாறசாலையில் சாயாக்கடையைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்தான். யாரும் ஒன்றும் சொல்லாததால் மறுபடி கூட்டினான். களியக்காவிளையில் மழை பிடித்துக்கொண்டது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று ஊரில் சொல்லப்போகிறார்கள். சொல்வதற்கு ஊருக்கு என்ன, அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடும். முத்துக்கனி கண்ணாடியில் வழிகிற நீரைப் பார்த்துக்கொண்டே இடது விலாவுக்குக் கீழே கையை வைத்திருந்தாள். அவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது உள்ளே பத்திரமாக இருந்தது. அவளுக்கு அதன்மேல் வெறுப்பாக வந்தது.

வீட்டில் இறங்கும்போது பகவதி தலையில் பிளாஸ்டிக் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். "அக்கா, பாதி மரத்துலதான் எடுக்க முடிஞ்சுது. அதுக்குள்ள மழை கொட்டிற்று. மிச்சமெல்லாம் வெள்ளம் கலந்து போச்சு." பிறகு இருவர் முகத்தையும் பார்த்து, தேதியைப் பற்றிக் கேட்க வந்ததை விழுங்கிவிட்டு பால் வாளியை வைத்துப் போனாள்.

சுயம்புராஜ் சட்டையைக் கழற்றி மடித்துக் கொடியில் போட்டார். அடுக்களை வாசல்படியில் வந்து உட்கார்ந்தார். அவள் பாலை வடிகட்டித் தட்டங்களில் ஊற்றினாள். ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து விட்டுத் துழாவினாள். பால் மெல்ல இறுகத் தொடங்கியது. அன்றாட வேலை என்பதால் கை தானாகச் செய்தது.

"பட்டை மரச்ச மரம்டி நான்" என்றார் அவர். "எங்ஙன கத்தி வச்சாலும் பால் வராது. இனி முறிச்சு எடுக்கத் தடிக்காரனுக்குத்தான் குடுக்கணும்."

"அப்பிடிப் பேசாதிய."

"நான்தான் கெடுத்தேன். ரெண்டு வருசத்துக்கு முன்ன நீ காலப் பிடிக்காத கொறையாச் சொன்ன. கேட்டிருக்கலாம். கண்ணு கெட்ட பொறவு சூரிய நமஸ்காரம் பண்ணப் போனேன்."

அவள் துழாவுவதை நிறுத்தினாள். இனியும் மறைத்தால் செத்துப்போவோம் என்று அவளுக்குத் தோன்றியது. எழுந்துபோய் ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்துவந்து அவர் முன்னால் படியில் வைத்தாள்.

"நீங்க கெடுக்கல்ல. நான்தான் கெடுத்தேன். இது எனக்க ஊருச் சுண்ணாம்பு. எலும்புக்கு நல்லதுன்னு நெனச்சு ரெண்டு வருசமா உங்களுக்கக் கஞ்சியில ஊத்திட்டு இருந்தேன். உங்களுக்குத் தெரியாம. டாக்டரம்மாகிட்டக் கேட்டேன். இதனால இல்லன்னு அவியளுக்குச் சொல்லத் தெரியல்ல." பாட்டிலை அவர் பக்கம் தள்ளினாள். "எனக்கக் கையாலத்தான் உங்களுக்கக் குழாய அடச்சேன்."

வெளியே ஓட்டிலிருந்து மழைநீர் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் பாட்டிலைக் கையில் எடுத்தார். அடியில் படிந்திருந்த வெள்ளை கலங்கி மேலே வந்தது. அது மறுபடி படிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"என்னது?"

"கல்யாணம் முடிஞ்சு உங்க வீட்டுக்கு விருந்துக்கு வந்தப்பம், உங்க அண்ணன் பனையோலைப் பட்டையில அக்கானி ஊத்தித் தந்தாரு. நாக்குக்க ஓரத்துல பிடிச்சு நின்ன ருசி. மறக்குமா? மொத நாளு கஞ்சியில வாய வச்சதுமே தெரிஞ்சுது."

"தெரிஞ்சிட்டுத்தானா குடிச்சிய? ஏன் வேண்டாம்னு சொல்லல்ல?"

அவர் பாட்டிலைத் தரையில் வைத்து மூடியை இறுக்கினார்.

"நீ கிட்னி தாறேன்னு சொன்னப்பம் வேண்டாம்னு சொல்லிற்றேன். பொறவு நீ திரும்பி நின்னு இத ஊத்துவ. நான் பாக்காத மாதிரி இருப்பேன். நீ தாற இதையும் வேண்டாம்னு சொல்லதுக்கு எனக்கு மனசு வரல்லடி."

முத்துக்கனி அவர் காலடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழுதாள். அவர் ஊசி குத்திக் குத்தி முண்டு வைத்த கையை அவள் தலைமேல் வைத்தார். தட்டத்தில் பால் நன்றாக இறுகிப்போயிருந்தது. அதை எடுத்து ரோலரில் போட்டுத் தகடாக்க இருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் டயாலிசிஸ். மழை விடவில்லை, அதனால் பால்வெட்டும் இல்லை. அவள் கஞ்சியை வடித்து, பயறை எடுத்து வைத்து, நேராக அவர் முகத்தைப் பார்த்தபடி கிண்ணத்தை நீட்டினாள். அலமாரியின் மேல்தட்டு காலியாக இருந்தது. அவர் ஒரு மிடறு குடித்துவிட்டு நிறுத்தினார்.

"ஒண்ணும் ஊத்தல்ல" என்றாள்.

"தெரியுது" என்றார். "கஞ்சிக்கு ஒரு ருசியும் இல்ல."

பிறகு மிச்சத்தையும் குடித்து, கிண்ணத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு, மார்த்தாண்டம் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று குடையைத் தேடினார்.